சாபத்துக்கு நின்றவர்

என் அண்ணன் தொலைக்காட்சிக்குப் புராணத் தொடர்கள் எடுத்தவர். எடிட்டிங் நான். செட்டில் அவருக்குச் 'சாபக்காரர்' என்று பெயர். வரம் கொடுப்பதோ சபிப்பதோ, கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு மனித முகம் நிற்க வேண்டும், நடிகர் அதைப் பார்த்துத்தான் பேச வேண்டும், இல்லாவிட்டால் கண்ணில் உயிர் இருக்காது என்பார். வரம் என்றால் லைட்மேன் முதல் டீ கொண்டுவருபவர் வரை முண்டியடிப்பார்கள். சாபம் என்றால் செட்டே காலி. அண்ணனே போய் நிற்பார். சாம்பலாகப் போ, கல்லாகப் போ என்று வாங்கிக் கட்டிக்கொண்டு, "டேக் ஓகே" என்று சிரிப்பார். அத்தனை சாபத்துக்கும் அவருக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. நானும் கேலி பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு காட்சியில் மட்டும் பிசகிவிட்டது. அரசன் விட்ட அம்பில் மகனைப் பறிகொடுத்த பார்வையற்ற முனிவர், 'நீயும் பிள்ளையைப் பிரிந்த துக்கத்தில் சாவாய்' என்று அவனைச் சபிக்க வேண்டும். கண் தெரியாதவருக்கு எதிரே முகம் எதற்கு என்று அண்ணன் மானிட்டர் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார்.

எடிட்டிங் அறையில் அந்த டேக்குகளை ஓட்டினேன். நடிகருக்கு வெள்ளை லென்ஸ்; எதிரே இருப்பது சுவரா ஆளா என்றுகூடத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு டேக்கிலும் அந்த முகம் காற்றில் துழாவி ஒரே இடத்தில் வந்து நின்றது. கேமராவுக்கு இடப்புறம், கொஞ்சம் கீழே. அங்கே யார் இருந்தது என்று கேட்டேன். ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் கவனிக்கும் கன்டினியூட்டி வேலையில் இருந்த அண்ணன் மகள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த இடம் அது. அப்போது அவள் முழுகாமல் இருந்தாள்.

மறுநாளே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். காரணம் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் பலித்துவிடும் என்று பயம். என்னையும் சொல்ல விடவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி என்று அப்பாவே கழித்துக் கட்டிவிட்டார் என அவள் கொதித்துப்போனாள். கணவனோடு தொலைதூரத்துக்குக் குடிபோனவள் அவர் போனை எடுக்கவே இல்லை. குழந்தை நல்லபடியாகப் பிறந்ததை மாப்பிள்ளைதான் சொன்னார். அண்ணன் வாசலைப் பார்த்துப் பார்த்தே தேய்ந்து, ஒருநாள் போய்ச் சேர்ந்தார்.

எல்லாம் முடிந்த பிறகு குழந்தையோடு வந்தாள். எடிட்டிங் அறையில் உட்கார்ந்து, "அப்பா என்னை ஏன் சித்தப்பா துரத்துனாரு?" என்று கேட்டாள். இனி எதற்குப் பயப்பட வேண்டும்? நடந்ததைச் சொல்லி, அவளை வேலையிலிருந்து நிறுத்திய பிறகு மறுபடி எடுத்த டேக்கைப் போட்டேன். தொடரில் வந்தது அதுதான். ஒளிபரப்புக்காக அதிலிருந்த ஒரு குரலை மட்டும் நான் வெட்டியிருந்தேன்; இப்போது போட்டது வெட்டாத மூலம்.

ஸ்டூலை எடுத்தாகிவிட்டது. அப்படியும் அந்த வெள்ளைக் கண்கள் அந்த இடத்தையே தேடின. திரைக்கு வெளியிலிருந்து அண்ணன் குரல் வந்தது.

"அவ அங்க இல்ல சாமி. நான் இங்க நிக்கிறேன். என்னைப் பாத்துச் சொல்லுங்க."

முகம் மெல்லத் திரும்பி, குரல் வந்த பக்கம் நிலைத்தது. சாபம் முழுதாக விழுந்தது. பிறகு, "டேக் ஓகே." அவ்வளவு சந்தோஷமாக அவர் அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அவள் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"அந்தக் கடைசிய மட்டும் இன்னொரு தடவை போடுங்க, சித்தப்பா."