டொக்டர் சொன்னது நான்கு, நான் சொன்னது இரண்டு

காலை ஆறு நாற்பது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளில் அண்ணன் குடியிருக்கும் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் நுழைந்ததும் நான் முதலில் கண்டது, அவர் மடியில் கவிழ்ந்து கிடந்த தேத்தண்ணிக் கோப்பையை. இடுப்பில் கட்டியிருந்த சாரம் நனைந்திருந்தது. கோப்பையை எடுக்க அவருடைய வலது கை எழவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

அவரை அப்படி ஆக்கியவன் நான்.

மறதி என்று எனக்காகச் சாக்குத் தேடாதீர்கள். நான் எதையும் மறக்கவில்லை!

பதுளையிலிருந்து ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குச் செய்தி எழுதுவது என் தொழில். அண்ணன் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். லயத்துக் கூரை எந்நேரமும் விழலாம் என்று நான்கு வருடங்களுக்கு முன் எழுதினேன். மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், தோட்டத்தை நடத்தும் துரையின் முன்னால், அத்தனை பேரும் கேட்க அண்ணன் சொன்னார்: "எந்தம்பிதான். ஆனா டவுன்ல குந்திக்கிட்டு கதை கட்டுறான். அவன் எழுதுறதெல்லாம் நெசமாய்யா?"

பெரட்டே சிரித்தது. பத்திரிகை என் செய்திக்குத் திருத்தம் போட்டது. நான் எழுதியது அவருடைய காம்பராக் கூரையைப் பற்றியும்தான்... அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. வெறுத்தேன். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வேறு சொல் இல்லை.

போன வருடம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவர் மயங்கி விழுந்தார். இதயம் சில நேரம் ஒழுங்கில்லாமல் ஓடுகிறது, சில நேரம் நின்றுவிடுவதுபோல் மெதுவாகிறது என்றார்கள். இடது தோள் எலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். டொக்டர் சிங்களத்தில் விளக்குவார், கேட்டுச் சொல்ல ஆள் வேண்டும் என்று அண்ணி என்னை அழைத்தார். போனேன்.

டொக்டர் சொன்னவற்றைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். துடிப்பு குறைந்தால் கருவி தூண்டிவிடும். காயம் ஆறும்வரை இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. ஆனால் இதயத்தின் மேல் அறைகளில் இருக்கும் படபடப்பைக் கருவி நிறுத்தாது. அங்கே இரத்தம் தேங்கி உறையலாம், உறைந்தது மூளைக்குப் போனால் கை கால் விழும். அதனால் இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை ஆயுள் முழுக்கப் போட வேண்டும், மாதாமாதம் கிளினிக்கில் இரத்தம் சோதிக்க வேண்டும்.

கட்டிலில் கிடந்தபடியே அண்ணன் கேட்டார்: "என்னாடா சொல்றாரு? பேப்பர்ல போடுற மாதிரி சேத்துச் சொல்லாத. உள்ளத மட்டும் சொல்லு."

அந்த நிலையிலும்!

"ஃபெக்டரிக்குப் புது மோட்டர் மாட்டுன மாதிரிதான். இனி அதுவே ஓட்டும். இடது கையத் தூக்காதீங்க. குடுத்த மாத்திரைய முடியிற வரைக்கும் போடுங்க."

'முடியிற வரைக்கும்' என்று டொக்டர் சொல்லவில்லை. அது என்னுடையது. அடுத்த தவணைத் தேதி ஆங்கிலத்தில் எழுதியிருந்த கிளினிக் கொப்பியை, "பத்திரமா நான் வச்சிருக்கேன் அண்ணி" என்று என் பையில் போட்டுக்கொண்டேன்.

அவர் சாக வேண்டும் என்று நினைத்தேனா? இல்லை என்றுதான் எனக்கு நானே சொல்லி வந்தேன். ஒரு நாள் அவராக வந்து, "டொக்டர் வேற என்னாடா சொன்னாரு?" என்று என்னிடம் கேட்க வேண்டும்... அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அவர் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துச் செய்தி சேகரிக்கத் தோட்டத்துக்குப் போனேன். பெரட்டுக் களத்தில் அண்ணன் சட்டைப் பொத்தானைக் கழற்றி, தோலுக்குள் புடைத்திருந்ததைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"தலைவரே, பெற்றரி எறங்கிட்டா டோர்ச் லைட்டுப் பெற்றரி போடலாங்களா?" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"மொதல்ல ஒன் வாய்க்கு ஒரு சுவிச்சு வைக்கணும்டா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது அண்ணி பக்கத்தில் வந்து கேட்டார்: "மாத்திர முடிஞ்சிருச்சு தம்பி. இனி வேணாந்தானே?"

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். பேச வேண்டியவன் தலையை ஆட்டினேன்... வேண்டாம் என்று.

அதற்கப்புறம் ஒரு நாள், பெரட்டுச் செய்திக்காக விடியற்காலையில் தோட்டத்துக்கு வந்தபோதுதான் அந்த ஆறு நாற்பது.

ஆஸ்பத்திரியில் அதே டொக்டர், மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்று சிங்களத்தில் கேட்டார். அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிங்களத்திலேயே சொன்னேன்: "தோட்டத்து ஆட்கள், டொக்டர். சொன்னாலும் கேட்க மாட்டார்கள்."

எங்கள் ஆட்களைப் பற்றி யாராவது அப்படிச் சொன்னால் அவர்களைக் கிழித்து எழுதியவன் நான்! டொக்டர் தலையசைத்துவிட்டு, அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

"என்ன கேக்குறாரு தம்பி?"

"மிஷின் நல்லா ஓடுதாம் அண்ணி."

அது உண்மை. கருவியில் எந்தக் கோளாறும் இல்லை.

"மிஷின் ஏமாத்திருச்சு" என்று லயத்தில் அண்ணி எல்லோரிடமும் சொல்கிறார். நான் திருத்தவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டதால் பாரம் இறங்கியதா என்று கேட்காதீர்கள். உங்கள் இரக்கமும் எனக்கு வேண்டாம். அது அந்தக் கையை எழுப்பாது.

அண்ணனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணிக்கு. டொக்டர் சொல்வதைக் கேட்டுச் சொல்ல அண்ணி என்னைத்தான் வரச் சொல்லியிருக்கிறார்.