ஹிலரி வைத்த புள்ளிகள்

ஈனிட் தாக்ரே ஹாலிஃபாக்ஸ் ஊரின் வாரப் பத்திரிகையில் இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்துகிறாள். 'அஃபெக்ட்' வரவேண்டிய இடத்தில் 'எஃபெக்ட்' வந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. 'லெஸ்', 'ஃப்யூவர்' இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்களின் பட்டியல் ஒன்றை மேசையருகே ஒட்டியிருந்தாள். அதில் ஊர்ப் பாதிரியாரின் பெயரும் உண்டு.

பெற்ற மகளையாவது விட்டாளா? "நான் அழுதாக்கூட அதுல பிழை பாக்குறியேம்மா!" என்று கத்திவிட்டு ஹிலரி அபர்டீனுக்குப் போய் ஆறு வருடமாகிறது. அதன்பின் பேச்சில்லை.

திடீரென்று ஒரு நாள் அவளிடமிருந்து கடிதம் வந்தது. ஈனிட் அதை மூன்று முறை படித்து அழுதாள். நான்காம் முறை படிக்கும்போது கையில் சிவப்புப் பென்சில் இருந்ததை அவளே கவனிக்கவில்லை. 'உடனே வா' என்று பதில் எழுதி, மூலப் பிரதியைத் திருப்பி அனுப்பும் அச்சகத்து வழக்கப்படி மகளின் கடிதத்தையும் உள்ளே மடித்து வைத்துத் தபாலில் போட்டுவிட்டாள்.

மறுநாள் கடிதத்தை மறுபடி படிக்கத் தேடியபோதுதான் உறைத்தது. பத்திரிகையில் அவள் பிழை திருத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து மூலத்தை உரக்க வாசித்துக் காட்டும் வில்ஃபிடம் ஓடினாள்.

"எத்தன எடத்துல திருத்துன?"

"ஒரு பதினஞ்சு இருக்கும்."

"பதினஞ்சா! அது பொண்ணு லெட்டரா, முனிசிபாலிட்டி நோட்டீஸா?"

"அவ படுக்குற 'லை'க்கும் கிடத்துற 'லே'க்கும் வித்தியாசம் தெரியாம..."

"வாய மூடு தாயே."

மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். நான்கு தாள் எழுதி, நான்கையும் அடித்துத் திருத்திக் கிழித்தாள். தந்தி கொடுப்பதா, நேரில் போவதா, போனால் கதவைத் திறப்பாளா, ஒன்றும் புரியவில்லை. மகள் வருகிறேன் என்று எழுதினாளா, வர ஆசை என்று மட்டும் எழுதினாளா என்பதுகூடக் குழம்பிப்போயிற்று. பிழைகள் நினைவிருந்தன, கடிதம் மறந்துவிட்டது. அதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது.

பதின்மூன்றாம் நாள் உறை வந்தது. உள்ளே அதே கடிதம், சிவப்புக் கோடுகளோடு. புதிதாக ஒரு வரி இல்லை. மூஞ்சியில் விட்டெறிந்துவிட்டாள் என்று நினைத்து ஈனிட் நாற்காலியில் சரிந்தாள்.

பிறகு கடைசி வரி கண்ணில் பட்டது. 'வீட்டுக்கு வரணும்போல இருக்கும்மா. வீட்டுக்கு வரணும்போல இருக்கு.' சொன்னதையே சொல்கிறதென்று இரண்டாவதை ஈனிட் அடித்திருந்தாள். அந்தக் கோட்டின் கீழே இப்போது நீல மையில் வரிசையாகப் புள்ளிகள். அடித்தது தவறு, இருந்தபடியே இருக்கட்டும் என்று சொல்ல அச்சகத்தில் வைக்கிற குறி அது. ஐந்து வயதில் அம்மாவின் மடியில் உட்கார்ந்து ஹிலரி கற்றுக்கொண்டது.

மற்ற பதினான்கு திருத்தங்களையும் அவள் தொடவில்லை.

எப்போது வருகிறாள் என்று எங்கும் இல்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மாடிக்குப் போய், ஆறு வருடமாகப் பூட்டியிருந்த அறையைத் திறந்து, படுக்கைக்குப் புது விரிப்புப் போட்டாள்.