தாமதத்துக்கான காரணம்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'தூண்'. கட்டடம் எழும்பிய நாளிலிருந்தே நிற்கிறாளாம். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து ஏழு வருடம். அப்போது ஒன்றாம் வகுப்பில் இருந்த அண்ணன் மகள் இப்போது எட்டாம் வகுப்பு. "அத்தை, நீங்க மட்டும் அதே கிளாஸ்லயே இருக்கீங்களே, ஃபெயிலா?" என்று ஒருநாள் கேட்டாள். வீடே சிரித்தது.

உதவித்தொகை ஐந்தாம் வருடத்தோடு நின்றது. அதன்பின் காலையில் டியூஷன், பிறகு ஆய்வுக்கூடம்.

கூடப் படித்த தோழி வெளிநாட்டில் சேர்ந்தாள். அங்கே ஆய்வு மாணவி என்றால் பணியாளர். மாதச் சம்பளம், விடுப்பு எல்லாம் உண்டு. நான்கே வருடத்தில் முடித்துவிட்டாள்.

"அங்க லேட்டானா என்ன பண்ணுவாங்க?"

"என்னை ஏன்டி கேக்கப்போறாங்க? ப்ரொபசரைக் கூப்பிட்டுக் கேப்பாங்க."

இங்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்புப் படிவம். அதில் 'தாமதத்துக்கான காரணம்' என்று ஒரு வரி. அவள் எழுதி முடித்த ஆய்வேடு பேராசிரியரின் மேசையில் கிடந்தது. அதன்மேல் அவருடைய டீ ஃபிளாஸ்க். முதல்முறை, 'பேராசிரியரின் திருத்தத்துக்குக் காத்திருக்கிறேன்' என்று உள்ளதை எழுதினாள். அவர் பேனாவை மூடினார்.

"என் பேர்லயே பெட்டிஷனா? இதுல நானே கையெழுத்துப் போடணுமா?"

அலுவலகக் குமாஸ்தா வேறு படிவம் நீட்டினார். "எல்லாரும் எழுதறதையே எழுதும்மா. 'என் கவனக்குறைவு'ன்னு போட்டா சத்தமில்லாம போயிடும்."

போனது. நான்கு முறை. இரண்டு வருடம்.

போன வாரம் ஃபிளாஸ்க் இடம் மாறியது. "நல்லா வந்திருக்கும்மா. சமர்ப்பிச்சுடு" என்றார் பேராசிரியர். அதற்கு இன்னும் ஒரு மாத நீட்டிப்பு வேண்டும். ஐந்தாவது நீட்டிப்பு என்பதால் ஆய்வுக் குழு கூடியது. தலைவர் பழைய படிவங்களைப் புரட்டினார்.

"நாலு தடவையும் உன் கவனக்குறைவுதான்னு நீயே எழுதியிருக்கே. எதை நம்பி அஞ்சாவது தடவை கொடுக்கறது?"

அவள் பேராசிரியரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது உன் கையெழுத்துதானே?" என்றார் தலைவர்.

"ஆமா சார்."

பதிவு ரத்தானது.

குமாஸ்தா கடைசிப் படிவத்தை நீட்டினார். அதிலும் 'காரணம்' என்று ஒரு வரி இருந்தது. அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குள் அவள் கை, பழகிய வரியை எழுதி முடித்திருந்தது.