எங்கள் வீட்டுக் கப்பல்சாமி

கடலுக்குள் மூழ்கிப்போன குமரிக்கண்டத்தின் ஒரு துண்டு திண்டிவனம் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் கிடந்தது என்று சொன்னால் இப்போது என் அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நாலாம் வகுப்பு படிக்கும்போது நான் அதன் மேல் உட்கார்ந்து பல் விளக்கியிருக்கிறேன்.

அது ஒரு கல்மரம். எங்கள் பக்கத்து நிலங்களில் ஏர் ஓட்டும்போது எப்போதாவது தட்டுப்படும். பார்த்தால் மரக்கட்டை, தட்டினால் கல். பட்டையின் கோடுகூட அழியாமல் இருக்கும். என் அப்பா பிறப்பதற்கு முன்பே யாரோ அதை மாடு பூட்டி இழுத்துவந்து எங்கள் குழாயடியில் போட்டுவிட்டார்கள். எவ்வளவு பெரிய அதிசயமாக இருந்தாலும் எங்கள் ஊரில் அதற்கு ஒரு வேலையைக் கொடுத்துவிடுவோம். இதற்குக் கிடைத்த வேலை, துணி துவைக்கும் கல்.

அந்தக் கல்லில் குனிந்து குனிந்து என் அம்மாவின் இடுப்பு போய்விட்டது. துவைத்து முடித்து எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, "அம்மாடி" என்று கொஞ்ச நேரம் கண்ணை மூடி நிற்பாள். எனக்கு அதைப் பார்த்தாலே அழுகை வரும். இனிமேல் குனியவே கூடாது என்று திண்டிவனத்து டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாஷிங் மிஷின் வாங்கலாமா என்று அம்மா கேட்டாள். அப்பா நல்லவர்தான். ஆனால் கிணற்று மோட்டாரைத் தவிர கரண்டில் ஓடும் எதைப் பார்த்தாலும் அவருக்குச் சந்தேகம்.

"ஆயுசுக்கும் தேயாத கல்லு வூட்ல கெடக்குது, மிஷினு இன்னாத்துக்கு?" என்றார். பேச்சு அத்துடன் முடிந்தது.

அம்மாவின் தம்பி, என் மாமா, விழுப்புரத்தில் ஒரு செல்போன் கடையில் ரிப்பேர் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையானால் பைக்கில் வந்துவிடுவார். போன் நிறைய வீடியோ. கடலுக்கடியில் கோபுரம், மண்ணுக்கடியில் நகரம், குமரிக்கண்டத்து ராஜாக்கள். எல்லாவற்றையும் பார்ப்பார், எதையும் நம்பமாட்டார். நம்புகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஒருமுறை அவர் வந்தபோது அம்மா சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். "இன்னும் இந்தக் கல்லோடவே மல்லுக்கட்டிக்கினு கீறியாக்கா?" என்று திட்டினார். "அவருகிட்ட போய்ச் சொல்லு" என்று அப்பா இருந்த பக்கத்தைத் தாடையால் காட்டினாள் அம்மா. அன்றைக்கு மாமா வீடியோ எதுவும் காட்டவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டு காபி குடித்தார்.

அடுத்த வாரம் வந்தவர், தெருப் பிள்ளைகளை எல்லாம் குழாயடியில் கூட்டிவைத்துக்கொண்டு ஆரம்பித்தார். குமரிக்கண்டம் கடலுக்குள் போகிற நேரம். கடைசிக் கப்பலில் குலசாமியை ஏற்றிக்கொண்டு ஜனங்கள் வடக்கே வருகிறார்கள். புயலில் கப்பல் உடைகிறது. சாமி பாய்மரத்தைக் கெட்டியாகக் கட்டிப்பிடித்துக்கொள்கிறது. மரம் மிதந்து மிதந்து நம் ஊரில் கரை ஒதுங்கி, சாமியோடு சேர்ந்து கல்லாகிவிடுகிறது!

எனக்குப் புல்லரித்துப்போனது. இருந்தாலும் அப்போதுதான் பள்ளியில் எங்களைத் திருவக்கரை கல்மரப் பூங்காவுக்கு டூர் கூட்டிப்போயிருந்தார்கள். "இது காட்டு மரம் மாமா. ஆத்துல அடிச்சிக்கினு வந்து கல்லாயிடுச்சாம், டீச்சர் சொன்னாங்க" என்றேன்.

"கப்பல இன்னா பிளாஸ்டிக்லயா செஞ்சாங்க? அதுவும் காட்டு மரந்தான்டி" என்றார் மாமா.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால், கல்லின் நெற்றியில் மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. கல்லுக்கு நெற்றி என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. முன்னால் ஓர் அகல்விளக்கு எரிந்தது. எங்கள் ஊரில் ஒரு கல்லுக்குப் பொட்டு வைத்தாயிற்று என்றால் முடிந்தது கதை. அதன் மேல் கால் படக்கூடாது. யார் வைத்தது என்று கேட்பதும் மரியாதையில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஐயையோ, இத்தினி வருஷமா சாமி மேலயா அழுக்குத் துணிய அடிச்சிக்கினு இருந்த?" என்று அம்மாவைக் கேட்டாள். அம்மாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்பா சும்மா விடவில்லை. பக்கத்திலேயே ஒரு கருங்கல் பலகையைப் போடப் பார்த்தார். சோப்புத் தண்ணீர் சாமி காலடிக்கு ஓடுமே என்று தெருவே திரண்டு வந்துவிட்டது. எங்களுக்கு வேறு குழாயும் கிடையாது. "நான் துவைக்க ரெடிங்க. சாமி குத்தம் உங்க தலமேல வந்துடக் கூடாது, அதான் பாக்கறேன்" என்றாள் அம்மா, ரொம்பப் பணிவாக. துணிமூட்டை ஏறிக்கொண்டே போனது. மயிலத்தில் ஒரு கல்யாணம் வந்தது. வெள்ளைச் சட்டை ஒன்றும் துவைத்ததாக இல்லை. மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கப் போட்டுப்போகும் காக்கிச் சட்டையில் போய், முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தார் அப்பா. "பேஜாராப் பூடுச்சி" என்று புலம்பியவர், மறுநாளே திண்டிவனத்துக்கு பஸ் ஏறினார். சாயங்காலம் ஒரு குட்டியானை வண்டியில் மிஷின் வந்து இறங்கியது.

மழைக்காலம் முடிவதற்குள் அம்மாவின் இடுப்பு வலி போயே போய்விட்டது. சுவரைப் பிடிக்காமல் விறுவிறுவென்று நடந்தாள். கப்பல்சாமி கண் திறந்துவிட்டது என்று பெரியம்மா ஊரெல்லாம் சொன்னாள். அப்புறம் பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள், பெருமுக்கலிலிருந்துகூட. அம்மா முகத்தில் துளிச் சிரிப்பில்லாமல் திருநீறு பூசிவிடுவாள். "வூட்டுக்காரரையும் கூட்டிக்கினு வந்தியாம்மா? முன்னாடி வரச் சொல்லு" என்பாள். அவர் வந்து கைகட்டி நின்றதும், "ஜல்தியா ஒரு மிஷின வாங்கி வூட்ல வெச்சிடுங்க. சாமி உத்தரவு" என்பாள். ஒன்றிரண்டு பேர் வாங்கியும்விட்டார்கள். அந்த நேரத்தில் மாமா போனுக்குள் தலையை விட்டுக்கொள்வார். தோள் மட்டும் குலுங்கும்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். குமரிக்கண்டம் நிஜம் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மூழ்கிப்போன நாட்டின் சாமி திண்டிவனம் வரைக்கும் மிதந்துவந்து என் அம்மாவின் இடுப்பைச் சரிசெய்திருக்கிறதே! இல்லை என்று சொன்னவர்களோடு எல்லாம் வகுப்பில் சண்டை போட்டேன்.

முதன்முதலில் பொட்டு வைத்திருந்த அந்த வெள்ளிக்கிழமை, எனக்குத் தலை பின்னிவிடும்போது அம்மாவின் விரல்நுனிகள் மஞ்சளாக இருந்தன. பார்த்தேன். குழம்புக்கு மஞ்சள் அரைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் கேப்பைக்கூழும் வெங்காயமும்தான்.