மடியில் ஒளித்த படிக்கல்

பிள்ளை வளர்ப்பு ஒரு உத்தியோகமாக இருந்திருந்தால், ஆள் எடுப்பவர்கள் என் வயதைக் கேட்டவுடனேயே என்னை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். என் இரண்டாவது பிள்ளை குமரன் பிறந்தபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மூத்தவள் மலருக்குப் பத்தொன்பது.

அதற்கு முன் முப்பது வருடம் நான் எங்கள் தீவு ஊரான நாரந்தனையில் இல்லை. தெற்கே ஒரு சிறு சிங்களப் பட்டணத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தேன். பிறகு அதை விட்டுவிட்டு வந்தேன். ஏன் வந்தேன் என்று, கலவரங்களைக் கண்ட தீவுப்பகுதி வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்களிலும் பலர் என்னைப் போல இருந்தவர்கள்தான். பொங்கலுக்கு ஒருமுறை, கோயில் கொடியேற்றத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவோம். பிள்ளை பிறந்ததைத் தந்தி சொல்லும். புரண்டது, தவழ்ந்தது, பல் முளைத்தது எல்லாவற்றையும் கடிதம் சொல்லும்.

மலர் பிறந்த வருடம் பொங்கலுக்கும் வரமுடியவில்லை. அவளை நான் முதலில் கண்டபோது அவளுக்கு எட்டு மாதம். தூக்கினேன். கள்ளனைக் கண்டதுபோல் கத்தினாள். கத்தல் பிறகு நின்றுவிட்டது, ஆனால் அவள் என்னோடு நேரே கதைத்த ஞாபகம் எனக்கு இல்லை. நான் அதே அறையில் கதிரையில் இருப்பேன். "அம்மா, ஐயாவைச் சாப்பிட வரச்சொல்லுங்கோ" என்பாள். அதை மரியாதை என்பார்கள் ஊரில். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகுதான் அது மரியாதைதானா என்ற சந்தேகம் வந்தது. சின்னவன் என்னிடம் வருவானா, மூத்தவள் ஒருநாளாவது என் முகத்தைப் பார்த்துக் கதைப்பாளா என்ற இரண்டும்தான் அந்த வருடம் முழுவதும் என் யோசனை.

தராசு

குமரனுக்கு மூன்று மாதமானபோது வீட்டுக்கு வந்த மருத்துவிச்சி அவனைத் துணியில் தொங்கவிட்டு நிறுத்தாள். பதினொன்றரை இறாத்தல்தான், இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்றாள். எனக்கு மனம் ஆறவில்லை. அவளுடைய வில்லுத் தராசில் எனக்கு நம்பிக்கை இல்லை. கடையிலிருந்து நான் கொண்டுவந்த சாமான்கள் இரண்டே இரண்டு. ஒன்று கடைத் தராசு, மற்றது நிறுக்கும் படிக்கற்கள். தராசை மாட்டுக்கொட்டில் வளைமரத்தில் கட்டி, தட்டில் துணி விரித்து, பிள்ளையைக் கிடத்தினேன். துணிக்குக் கழிவு போடவும் மறக்கவில்லை.

அரை அவுன்சும் வித்தியாசமில்லை. நான் ஏதோ கள்ளத் தராசைப் பிடிக்கப் போனவன்போல நின்றேன். மருத்துவிச்சி கோபிக்கவில்லை. தட்டில் கிடந்தவனின் காலைப் பிடித்து ஆட்டியபடி சொன்னாள்: "அண்ணை, பருப்பெண்டால் நிறுத்துக் கட்டி வைச்சிட்டுப் போகலாம். இதை நாளைக்கும் பாக்கவேணும், நாளையிண்டைக்கும் பாக்கவேணும்."

தாலாட்டு

ஒருநாள் மத்தியானம் ஏணைத் தொட்டிலில் கிடந்து குமரன் அழுதான். என் மனைவி பாக்கியம் குசினியில். மலர் கிணற்றடியில் அவனுடைய துணிகளைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். ஏணையை ஆட்டினேன். தாலாட்டு ஒன்றும் எனக்கு வராது. தேவாரம் தொடங்கினேன், இரண்டாவது வரியில் நின்றுவிட்டது. மனப்பாடமாக எனக்குள் கிடந்தது என்னவென்று தேடிப் பார்த்தபோது, கடைவாசலில் முப்பது வருடம் சொன்ன சிங்களம்தான் வந்தது. வாருங்கள் ஐயா, என்ன வேண்டும், நல்ல கருவாடு வந்திருக்கிறது, வீட்டில் அம்மா சுகமா, மகனுக்குக் காய்ச்சல் விட்டுதா? ஒரு வாடிக்கைக்காரர் போக அடுத்தவர் வருவதுபோல் விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். அவன் வாயைத் திறந்தபடி கேட்டான். பிறகு கண்ணை மூடினான்.

திரும்பினால், பாக்கியம் அகப்பையோடு குசினி வாசலில் நிற்கிறாள். அவளுக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் நான் யாரையோ சுகம் விசாரிக்கிறேன் என்பது குரலிலேயே விளங்கியிருக்க வேண்டும். "உங்கடை கடையை நான் ஒருநாளும் காணேல்லை. அங்கை நீங்கள் இவ்வளவு கதைக்கிறனீங்கள் எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்" என்றாள்.

படிக்கல்

ஏழாம் மாதம் கீழ்ப்பல் ஒன்று அரிசிபோல் தெரிந்தது. பல்லுக்கொழுக்கட்டைக்கு நாள் பார்த்தோம். வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிள்ளையைப் பாயில் இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத்துணி பிடித்து, தேங்காய்ச் சொட்டுத் துண்டுகளைப் பல்லுப்போல் குத்திய சின்னக் கொழுக்கட்டைகளைக் கொட்டுவது. முன்னால் புத்தகம், பேனை, காப்பு என்று பரப்பி வைப்பது. பிள்ளை எதை எடுக்கிறதோ அதுதான் அதன் வருங்காலம்.

பாக்கியம் அந்த வரிசையில் ஒரு பித்தளைப் படிக்கல்லையும் வைத்தாள். பிள்ளை கடை வைப்பான் என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் வைப்பதுதான். எனக்கு முன்னும் அப்படி ஒன்றை வைத்து, நானும் அதையே எடுத்ததாகச் சொல்வார்கள். அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இவனும் அதை எடுத்து, இவனும் எங்கோ போய், இவன் பிள்ளைக்கும் தந்தியா? எல்லோரும் கொழுக்கட்டைச் சுளகைப் பார்த்த நேரம் கல்லை எடுத்து வேட்டி மடியில் செருகிக்கொண்டேன்.

கொழுக்கட்டை கொட்டி முடிந்தது. குமரன் புத்தகத்தைப் பார்த்தான். பேனையைத் தாண்டினான். காப்பின் மேல் முழங்காலை வைத்து ஏறி, நேரே என்னிடம் தவழ்ந்து வந்து மடியைப் பிடித்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "தேப்பனைத்தான் பிடிச்சிருக்கிறான்" என்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவன் விரல்கள் மடியைக் கிண்டிக்கொண்டிருந்தன. என்னிடம் வந்தானா, பித்தளையிடம் வந்தானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்கிடையில் பின்னாலிருந்து மலரின் குரல் கேட்டது: "அம்மா, படிக்கல்லை ஐயா மடிக்குள்ளை ஒளிச்சு வைச்சிருக்கிறார் எண்டு சொல்லுங்கோ."

பழைய கொழுக்கட்டை

அன்று பின்னேரம் மிஞ்சிய கொழுக்கட்டையை மூவரும் சாப்பிட்டோம். மலர் தேங்காய்ப் பற்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டின் ஓரத்தில் அடுக்கினாள். பிறகு தாயைப் பார்த்தே கேட்டாள். "என்ரை பல்லுக்கொழுக்கட்டையும் ஐயாவுக்கு அனுப்பினனீங்கள்தானே. சாப்பிட்டவராமோ?"

"ஓம், நல்ல ருசியெண்டு கடிதம் போட்டவர். அந்தக் கடிதம் இப்பவும் அலுமாரிக்குள்ளை கிடக்கு" என்றாள் பாக்கியம்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். பத்தொன்பது வருடம் அப்படித்தான் இருந்தேன். ஆனால் காலையில் ஒன்றை ஒளித்துப் பிடிபட்டவனுக்கு, பின்னேரமும் ஒளிக்க வெட்கமாக இருந்தது. சொன்னேன். ஊரிலிருந்து வந்த ஒருவர் பனையோலைப் பெட்டியில் அதைக் கொண்டுவந்து தந்தார். அன்று சந்தை நாள், கடையில் சரியான சனம். சீனிமூட்டைக்கு மேல் தட்டில் வைத்தேன். இரண்டு நாள் கழித்து எறும்பு ஊர்ந்தபோதுதான் ஞாபகம் வந்தது. புளித்துப் போயிருந்தது. கடைக்குப் பின்னால் கொட்டிவிட்டு, கை கழுவி, அந்தக் கடிதத்தை எழுதினேன்.

அப்படியானால் இனி அந்தக் கடிதம் எதற்கு, கிழித்துவிடு என்று நானே பாக்கியத்திடம் சொன்னேன். மலர் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஆனால் முகம் தாயின் பக்கம்தான். "கிழிக்க வேண்டாம், அம்மா. பொய்யெண்டாலும் என்ரை பல்லைப் பற்றி எழுதினதுதானே."

நடை

குமரனுக்குப் பதின்மூன்று மாதம். பிடித்துக்கொண்டு நிற்பான், விட்டால் இருந்துவிடுவான். ஒரு காலை முற்றத்தில் மலர் அவனைக் கையில் பிடித்து நிறுத்தியிருந்தாள். நான் எதிரே குந்தியிருந்து கைகளை நீட்டினேன். மலர் விட்டாள். அவன் ஒரு அடி வைத்தான். இன்னொன்று வைத்தான்.

என் கைக்கு எட்டும் தூரம் வந்ததும் நான் கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்தேன். இன்னும் இரண்டடி வைக்கட்டுமே என்ற ஆசைதான். அவன் வந்தான், நான் திரும்பவும் நகர்ந்தேன். அவன் நின்றான். நீட்டிய கைகளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான். உதடு பிதுங்கியது. தொப்பென்று மணலில் விழுந்து கத்தினான். எட்டு மாதத்தில் மலர் கத்திய அதே கத்தல்.

மலர் ஓடிவந்து தூக்கினாள், மண்ணைத் தட்டினாள். தாய் வீட்டில் இல்லை, கோயிலுக்குப் போயிருந்தாள். எனக்குச் சொல்வதற்கு அவளுக்கு இடையில் ஆள் இல்லை. அவனைத் திரும்பப் பழைய இடத்தில் நிறுத்திவிட்டு, நிமிர்ந்து என்னை நேரே பார்த்தாள். தாயின் கண். அதை நான் அதுவரை கவனித்ததில்லை.

"ஐயா, பின்னுக்குப் போகாதேங்கோ. நிண்ட இடத்திலை நில்லுங்கோ, அவன் வருவான்."

நின்றேன், வந்தான். ஒரே தராசுக்குப் பின்னால் முப்பது வருடம் அசையாமல் நின்றவனுக்கு, ஒரு பிள்ளைக்கு முன்னால் அப்படி நிற்பதற்குப் பதின்மூன்று மாதப் பயிற்சியும் மகளிடம் ஒரு ஏச்சும் வேண்டியிருந்தது.