மலைப்பாதையில் ஒரு வீடியோ கால்

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் செல்போன் உதிரிபாகத் தொழிற்சாலையிலிருந்து எங்கள் இருவரை மூன்று வாரப் பயிற்சிக்கு வியட்நாமின் வடக்குப் பகுதிக்கு அனுப்பினார்கள். நான் லைன் லீடர், ஓர் உற்பத்தி வரிசைக்குப் பொறுப்பு. உடன் வந்தவர் மெஷின் பராமரிப்புப் பிரிவு, வல்லம் வடகால்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

அங்கே எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு விடுமுறை நாள். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போனால் சுண்ணாம்புக்கல் மலைகள், நடக்கப் பாதையும் உண்டு என்று விடுதி வரவேற்பில் இருந்த பெண் படம் காட்டினாள். வாலாஜாபாத்திலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் மதில்சுவர்களைப் பார்த்தபடியே போய்வருகிறவள் நான். அந்த ஞாயிறுவரை எனக்கு வேறு நினைப்பே இல்லை.

நேரில் படத்தைவிட நன்றாகவே இருந்தது. வயல் மட்டத்திலிருந்து செங்குத்தாக எழுந்த சாம்பல் பாறைகள். மழை அரித்து அரித்து விளிம்பெல்லாம் கத்திபோல் ஆகியிருந்தது. பாதை மேலே ஏறி, ஒரு குகைக்குள் நுழைந்து, மறுபக்கம் இறங்கும். குகை வாசலை மூன்று மணிக்கு மூடுவார்கள் என்று பலகையில் எழுதியிருந்தது.

பாதி தூரம் ஏறியிருப்போம். மணி ஒன்று. ஒரகடம் தொழிற்சாலையிலிருந்து அண்ணாவுக்குப் போன் வந்தது.

"லைன் நின்னுகீதாம்மா. இன்னிக்கு ஓ.டி. ஓட்டிகினு இருக்கானுங்க. பத்து நிமிஷம், இங்கயே குந்து."

சிக்னலுக்காக அங்குமிங்கும் நடந்தபடி வீடியோ காலில் பேசினார். மெஷினை அணைக்கச் சொன்னார், போடச் சொன்னார். ஒரு மணி நேரம் போயிற்று.

"அண்ணா, நான் முன்னாடி போறேன்."

"தனியா போவாதம்மா. உனக்கு எதுனா ஆச்சின்னா நான்தான் பதில் சொல்லணும்."

திரும்பவும் உட்கார்ந்துவிட்டேன். அப்படி உட்கார்ந்ததற்காக என்மேலேயே எனக்கிருக்கும் கோபம் இன்றுவரை தீரவில்லை.

எந்த மெஷின் என்று கேட்டேன். "அது மெயின்டெனன்ஸ் மேட்டரு, உட்டுடு" என்றார். அரை மணி நேரம் கழித்து, அவர் களைத்துப்போய் நின்றபோது, போனைக் கையிலிருந்து வாங்கினேன். மறுமுனையில் என் லைனில் வேலை பார்க்கும் பெண்.

"மூணாவது மெஷினா? சென்சார் கண்ணாடிய துடைச்சியா?"

"இல்லக்கா, யாரும் சொல்லல."

துடைத்தாள். லைன் ஓடியது.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?"

"என்னை எங்கண்ணா கேட்டீங்க?"

அவர் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். மூச்சிரைக்க ஏறினோம். மூன்று பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது காவலாளி கம்பிக்கதவில் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். கைகூப்பிப் பார்த்தேன். அவர் சிரித்தபடி பலகையைக் காட்டினார். கம்பிகளுக்கு நடுவே குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. உள்ளே எங்கோ தண்ணீர் சொட்டியது. அவ்வளவுதான் நான் கண்ட குகை.

"அடுத்த வாட்டி பாத்துக்கலாம்மா" என்றார் இறங்கும்போது. அவரை மறுபடி அனுப்புவார்கள். லைன் லீடர் யாரையும் இரண்டாம் முறை அனுப்பியதில்லை. பஸ்ஸில் தனியாக ஓர் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஊர் திரும்பியதும் நடந்த முதல் மீட்டிங்கில், லீவு நாளிலும் லைனை ஓடவைத்தார் என்று மேனேஜர் அவரைப் பாராட்டினார்.

அண்ணா எழுந்தார். "நான் இல்ல சார். இந்தப் பொண்ணுதான்."

மேனேஜர் என் பக்கம் பார்த்து, "குட்" என்றார். பிறகு அந்த மாத உற்பத்தி இலக்கைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.