மூன்று முறை அணைந்த அலாரம்

இயந்திரங்களைக் கையாளும்போது மனிதர்கள் எப்படித் தவறு செய்கிறார்கள் என்று ஆராய்வது என் தொழில். அப்போது செம்பூரில் ஒரு மருத்துவமனைக்காக ஐசியு வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலாரம் அடித்ததும் நர்ஸ்கள் நோயாளியைக் கவனிக்கிறார்களா, வெறுமனே சத்தத்தை நிறுத்துகிறார்களா என்று குறிக்க வேண்டும். தாராவியிலிருந்து வரும் ஒரு நர்ஸ், "சத்தியமா நான் அலாரத்தைத் தொடல மேடம்" என்று சாதித்தாள். வீடியோவைப் போட்டுக் காட்டினேன். அவள் விரல்தான். அழுதாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த வாரம் மாட்டுங்கா வீட்டிலிருந்தே வேலை. அடுத்த அறையில் அப்பா, மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், விரலில் கிளிப். ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு குறைந்தால் மானிட்டர் கத்தும். ஒரு நாள் காலை அம்மா வாசல் கதவைப் பூட்டிக்கொண்டு காய்கறி வாங்கப் போனாள்.

திரும்பி வந்தவள் போட்ட கூச்சலில் ஓடினேன். அப்பாவின் உதடு நீலம். குழாய் நாற்காலிக் காலடியில் நசுங்கிக் கிடந்தது. எடுத்துவிட்டோம். நிறம் மெல்லத் திரும்பியது.

"ஏண்டி, அலாரம் அடிக்கலையா?"

"அடிக்கவே இல்லம்மா. நேக்கென்ன காது செவிடா?"

மானிட்டரின் பதிவைப் பார்த்தேன். மூன்று முறை அடித்திருந்தது. மூன்று முறையும் யாரோ பட்டனை அழுத்தி நிறுத்தியிருந்தார்கள். அப்பாவுக்கு அது எட்டாது. வீட்டில் வேறு யாரும் இல்லை. அசடு மாதிரி கட்டிலடியில்கூடக் குனிந்து பார்த்தேன்.

நான் ஆபீஸ் போகும் நாட்களுக்காக அந்த அறையில் ஒரு கேமரா வைத்திருந்தோம். போனில் ஓட்டினேன். நைட்டியில் ஒருத்தி வருகிறாள். பட்டனை அழுத்துகிறாள். ஒரு நொடி அப்பாவைப் பார்க்கிறாள். போகிறாள். மறுபடி வருகிறாள். நடை என்னுடையது, நைட்டி என்னுடையது. முகத்தில் மட்டும் யாரும் இல்லை. மேஜையை விட்டு எழுந்த ஞாபகம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

அம்மாவிடம் சொல்லத் தைரியம் இல்லை. சாயங்காலம் அப்பாவிடம், "ஏம்ப்பா என்னைக் கூப்பிடலை?" என்று கேட்டேன்.

"நீதான் வந்தியே" என்றார். குரலில் கோபமே இல்லை. "என்னைப் பாத்தே, போயிட்டே. சரி, பயப்பட ஒண்ணுமில்லை போலிருக்குன்னு நெனச்சுண்டேன். நோக்குத் தெரியாததா?"

இப்போதெல்லாம் நான் அந்த அறைக்குள் எதற்குப் போனாலும், ஒரு போர்வை எடுக்கப் போனாலும், அப்பா கையைத் தூக்கி ஆட்டுகிறார். "பாத்துட்டேன்ப்பா" என்று நான் வாய்விட்டுச் சொல்லும்வரை இறக்குவதில்லை.